ஏழாவது பொத்தான்

“என்னை ‘சும்மா இருக்கா’ன்னு எழுதினது நீங்கதானே?”

ஞாயிற்றுக்கிழமை காலை. முகம்கூடக் கழுவாமல் தலையை அள்ளி முடிந்துகொண்டு கதவைத் திறந்த கேள்விக்காரியிடம், வாசலில் நின்றவள் எடுத்த எடுப்பில் இப்படிக் கேட்டாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். இடது கையைப் பழைய துணியால் மணிக்கட்டு வரை சுற்றி, அதை வலது கையால் ஏந்திக்கொண்டிருந்தாள். துணியில் ரத்தம் காய்ந்து பழுப்பேறியிருந்தது. இந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று கேள்விக்காரி யோசித்தாள். யோசித்து என்ன பயன்? போன வருஷம் ஆயிரத்து நூறு வீட்டு வாசலில் நின்றவளுக்கு எந்த முகம் நினைவிருக்கும்?

கேள்விக்காரி என்பது அந்த வட்டாரம் அவளுக்கு வைத்த பெயர். பெண்கள் முன்னேற்றத்துக்கென்று வெளிநாட்டு உதவியோடு நடக்கும் ஓர் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. கழுத்தில் அட்டை, தோளில் பை, கையில் டேப்லெட். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி அறுபத்து மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். கூரை எதனால் ஆனது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வீட்டில் முடிவெடுப்பது யார், புருஷன் கை நீட்டுவானா. கடைசிக் கேள்வியை மாமியார் பக்கத்தில் நிற்கும்போதே கேட்டாக வேண்டும். “ஐயையோ, தங்கமான மனுஷன்” என்று அந்தப் பெண் சொல்வாள். இவளும் ‘இல்லை’ என்ற இடத்தைத் தொட்டுவிட்டு எழுந்துகொள்வாள். உலகத்தில் எங்கோ ஒரு பெரிய மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் அந்தத் தங்கமான மனுஷர்களையெல்லாம் கூட்டிப் பார்த்து, பரவாயில்லையே, நிலைமை முன்னேறியிருக்கிறதே என்று சந்தோஷப்படுவார்கள்.

“உள்ள வாங்கக்கா. உக்காந்து பேசலாம்.”

“உக்கார நேரமில்லம்மா. தொழிலாளர் ஆஸ்பத்திரியில லிஸ்ட்ல என் பேரு இல்லையாம். அந்தப் பொண்ணு கம்ப்யூட்டர்ல தட்டிப் பாத்துட்டு, ‘நீங்க எந்த வேலையும் செய்யறதில்லன்னு இருக்கே, உங்களுக்கு எப்படி இங்க ஆபரேஷன் பண்றது’ன்னு கேக்குது. கேக்கும்போதே என் கையைத்தான் பாத்துட்டு இருக்கு. யாரும்மா அப்படி எழுதினதுன்னு கேட்டேன். உங்க அடையாள நம்பரைச் சொல்லிச்சு. அதை வெச்சு வீடு கண்டுபிடிச்சு வர்றதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு.”

“இரும்புப் படிக்கட்டு வீடா?”

“ஆமா. இப்பவாவது ஞாபகம் வந்துச்சே.”

ஞாபகம் வந்தது. துணிப்பைகளில் கயிறு நுழையும் ஓட்டையைச் சுற்றிச் சின்னதாக ஒரு பித்தளை வளையம் இருக்குமே, அந்த வளையத்தை அடிப்பவள் இவள். அக்கம்பக்கத்தில் வளையக்காரி என்றால்தான் தெரியும். பைகளையும் வளையங்களையும் கைமிஷினையும் ஒரு காண்டிராக்டர் கொண்டுவந்து கொடுப்பார். இடது கையால் வளையத்தை ஓட்டையில் வைத்து, வலது கையால் கைப்பிடியை இழுத்து அழுத்த வேண்டும். போன செவ்வாய்க்கிழமை கைப்பிடியின் ஸ்பிரிங் விட்டுப்போய், வைத்த கையை எடுப்பதற்குள் மிஷின் இறங்கிவிட்டது. வளையம் ஆள்காட்டி விரலுக்குள் புகுந்து எலும்பைக் கவ்விக்கொண்டது. பக்கத்துக் கிளினிக் டாக்டர் எடுக்கப் பார்த்தார், வரவில்லை. ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும், பத்து நாளைத் தாண்டவிடாதே, தாண்டினால் விரலோடு போகுமா கையோடு போகுமா என்று சொல்ல முடியாது என்றார். தொழிலாளர் ஆஸ்பத்திரியைத் தவிர வேறு எங்கேயும் அதைச் செய்துகொள்ள அவளுக்கு வழியில்லை. அன்றைக்கு ஆறாவது நாள்.

“வேலை குடுத்தவர்ட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்கன்னாங்க. போய்க் கேட்டேன். ‘நான் யாருக்கும்மா வேலை குடுத்தேன்? பொழுது போகாத பொம்பளைங்க வந்து பை வாங்கிட்டுப் போறாங்க’ன்னு சொல்றான். அடிபட்ட அன்னிக்கு சாயங்காலமே ஆள் அனுப்பி மிஷினைத் தூக்கிட்டுப் போயிட்டான். நான் இன்னும் தரையைக்கூடத் துடைக்கல.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் கேள்விக்காரிக்குச் சமாதானம் சொல்லவாவது ஒரு வேலை கிடைத்திருக்கும்.

“நாளைக்கே ஆபீஸ்ல பேசி மாத்திடறேன்க்கா” என்றாள்.

“மாத்துங்க. நீங்க எழுதினதை நீங்கதானே மாத்தணும்” என்று சொல்லிவிட்டு வளையக்காரி படியிறங்கினாள்.

மாத்திடறேன் என்று வாய் சொல்லிவிட்டது. ஆனால் கேள்விக்காரியின் மனம் போன வருஷத்துக்குப் போய் அந்த ஒற்றை அறையில் நின்றுவிட்டது. அன்றைக்குப் பதினேழு வீடு முடித்து, இன்னும் மூன்று வீடு பாக்கி. நாளொன்றுக்கு இருபது வீடு கணக்கு. குறைந்தால் சூப்பர்வைசர் போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்குவார். இரும்புப் படிக்கட்டில் ஏறும்போதே டக், டக் என்று சத்தம் கேட்டது. உள்ளே ஜன்னலோரம் இவள் தரையில் உட்கார்ந்து வளையம் அடித்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் அடித்த பைகள், இன்னொரு பக்கம் அடிக்காத பைகள், நடுவில் ஆள். கட்டிலில் புருஷன் படுத்துக்கொண்டு போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். டக் டக் சத்தத்தில் கேள்வி கேட்கவே முடியவில்லை.

“கொஞ்சம் அந்தச் சத்தத்தை நிறுத்துங்கக்கா, கேள்வி கேக்கணும்” என்றாள் கேள்விக்காரி.

அவள் நிறுத்தினாள். இவள் கேட்டாள், “நீங்க ஏதாவது வேலை செய்யறீங்களா?”

வேலை செய்துகொண்டிருந்தவளை நிறுத்தச் சொல்லிவிட்டு, வேலை செய்கிறாயா என்று கேட்ட புத்திசாலித்தனத்தை என்ன சொல்வது! புருஷன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், “அவளா? வீட்ல சும்மாதாங்க இருக்கா” என்றான். வளையக்காரியும் மடியிலிருந்த நூல் பிசிறைத் தட்டிவிட்டுக்கொண்டே சிரித்தாள். “ஆமாம்மா, வேலைக்கெல்லாம் போறதில்ல. சும்மாதான் இருக்கேன்.” அவளைப் பொறுத்தவரை வேலை என்பது செருப்புப் போட்டுக்கொண்டு வெளியே போவது. படிதாண்டாமல் செய்கிற எதுவும், விரல் தேயத் தேயச் செய்தாலும், சும்மாதான். இந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை மலை வேலையைப் பதுக்கி வைத்திருக்கிறோம் என்று கேள்விக்காரிக்குத் தெரியாதா? அவளும் இதே பாஷை பேசி வளர்ந்தவள்தானே? நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் அழுத்தினாள்.

அங்கேதான் விஷயம். டேப்லெட்டில் அந்தக் கேள்விக்கு ஏழு பொத்தான்கள் உண்டு. மாதச் சம்பளம், தினக்கூலி, சொந்தத் தொழில், விவசாயம், ஐந்தாவதாக வீட்டிலிருந்தபடியே கூலிவேலை, ஆறாவது படிப்பு. ஏழாவது ‘எந்த வேலையும் செய்யவில்லை’. ஐந்தை அழுத்தினால் அடுத்தடுத்துப் பதினாலு கேள்விகள் வந்து விழும். எத்தனை மணி நேரம், யார் கொடுக்கிறார்கள், முதுகு வலிக்கிறதா, அடிபட்டதுண்டா என்று. ஏழை அழுத்தினால் அந்தப் பதினாலும் மாயமாய் மறைந்து நேராகத் தண்ணீர் வசதிக்குப் போய்விடலாம். ஒரு வீட்டுக்கு இருபத்தைந்து நிமிஷம் ஆவது பதினொன்றில் முடிந்துவிடும். பயிற்சியில் யாரும் சொல்லித்தராத இந்தச் சூட்சுமத்தை எல்லாக் கேள்விக்காரிகளும் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டார்கள். அவர்களில் இவள்தான் கெட்டி. போன டிசம்பரில் ‘மிக வேகமான கணக்கெடுப்பாளர்’ என்று கைதட்டல்கூட வாங்கினாள். அப்போது அந்தக் கணக்கெடுப்பு அறிக்கைக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தார்கள். அதை வைத்தே வீட்டுத் தொழிலாளர் பட்டியலும் தயாராகும், பட்டியலில் இருந்தால்தான் ஆஸ்பத்திரி அட்டை என்பதெல்லாம் பிறகு மேலே யாரோ முடிவு செய்தது. கீழே இருப்பவர்களிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். கூடத்தில் அவளுடைய நாத்தனார், கேள்விக்காரியின் மகளை மடிக்கு முன்னால் உட்காரவைத்துத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். புருஷனின் அக்கா. கட்டிக்கொடுத்த வீட்டில் ஒத்துவராமல் திரும்பி வந்து எட்டு வருஷம் ஆகிறது. தம்பி லாரியோட்டி, மாதத்தில் இருபது நாள் வெளியூர். வாசலில் நடந்த பேச்சு முழுக்க அவள் காதில் விழுந்திருந்தது.

“ஏம்மா, அப்போ என்னை என்னன்னு போட்டிருக்கே?”

கேள்விக்காரி காதில் விழாதவள்போல டேப்லெட்டைச் சார்ஜரிலிருந்து கழற்றினாள்.

“உன்னைத்தான் கேக்கறேன். நம்ம வீட்டையும் நீதானே எழுதினே? இதே இடத்துல உக்காந்து தட்டினே. நான் டீ போட்டுக் குடுத்தேன், குடிச்சுக்கிட்டே தட்டினே.”

“அண்ணி, அது வந்து...”

“வந்தும் வேணாம் போயும் வேணாம். நம்பரைச் சொல்லு.”

“ஏழு.”

நாத்தனாரின் கை நின்றது. “அட்ரா சக்கை! என் தம்பி சொல்லி எழுதினியா, நீயா எழுதினியா?”

“நானாத்தான்.”

“காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சுத் தண்ணி பிடிக்கறேன். உன் பொண்ணைக் குளிப்பாட்டி, ஊட்டி, பள்ளிக்கூடத்துல விடறேன். படுக்கையில கிடக்கற எங்கப்பாவுக்கு மூணு தடவை துணி மாத்தறேன். சமையல், பாத்திரம், துவையல், எல்லாத்தையும் நான் தாங்கறதாலதான் நீ கழுத்துல அட்டையை மாட்டிக்கிட்டு ஊர் பூரா போய் ‘நீங்க வேலை செய்றீங்களா’ன்னு கேட்டுட்டு வர்றே. நான் ஏழு! நல்லாருக்குடியம்மா உன் நியாயம்!”

அத்தை விளையாடுகிறாள் என்று நினைத்துக் குழந்தை சிரித்தது. “நீ திரும்பாதே, வகிடு கோணும்” என்று அதன் தலையைப் பிடித்து நேராக்கினாள் நாத்தனார். அதற்குப் பிறகு அன்றைக்கு முழுக்க அவள் கேள்விக்காரியிடம் பேசவில்லை. ஆனால் வேலை எதுவும் நிற்கவில்லை. மத்தியானம் அவள் துவைத்துக் காயப்போட்ட போர்வைகளைப் பார்த்துக்கொண்டே கேள்விக்காரி தன் கோப்பில் ஏழுகளை எண்ணினாள். அறுநூற்றுப் பன்னிரண்டு. அறுநூற்றுப் பன்னிரண்டு பெண்கள் சும்மா இருப்பதாக அவள் ஒருத்தியே எழுதியிருந்தாள். அந்த அலுவலகத்தில் அவளைப் போல இன்னும் முப்பது பேர்.

திங்கட்கிழமை டைரக்டர் மேடத்தின் அறை. அங்கே சுவர் முழுக்கச் சிரிக்கும் பெண்களின் படங்கள். தலையில் குடம், கையில் தையல் துணி, இடுப்பில் குழந்தை. எல்லோரும் வேலைதான் செய்துகொண்டிருந்தார்கள். மேடம் கெட்டவள் அல்ல. கெட்டவளாக இருந்திருந்தால் ஆத்திரப்படுவது சுலபமாக இருந்திருக்கும். இளம் வயதில் ஊர்வலங்களில் கொடி பிடித்து அடிவாங்கியவள், ஊழியர்களின் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று பெயர் சொல்லி விசாரிப்பவள். கேள்விக்காரி சொன்னதை முழுக்கக் கேட்டாள். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

“புரியுதும்மா. ஆனா டேட்டாவைப் பூட்டியாச்சே. புதன்கிழமை அறிக்கை வெளியீடு. வெளிநாட்டுலேர்ந்து பதினேழு பேர் வர்றாங்க.”

“ஒரே ஒரு பொத்தான் மேடம். ஏழை அஞ்சா மாத்தணும். அவ்வளவுதான்.”

“உங்களுக்கு அது பொத்தான். மாத்தினா ஏன் மாத்தினோம்னு எழுதணும். கணக்கெடுத்தவங்களே ‘கையேட்டுக்கு மாறாகப் பதிந்தேன்’னு கையெழுத்துப் போடணும். போட்டீங்கன்னா நீங்க எடுத்த ஆயிரத்து நூறு வீடும் ரத்து. உங்க வேலையும் அன்னிக்கே முடிஞ்சுரும். அத்தனை வீடு ரத்தானா அறிக்கையே நின்னுடும். ரெண்டு வருஷ உழைப்பும்மா! இதெல்லாம் நான் போட்ட விதி இல்ல.”

“அவங்களுக்கு விரல் போயிடும் மேடம். ஆஸ்பத்திரியில கேட்டுட்டேன். திருத்தப் படிவத்துல நம்ம ஆபீஸ் சீல் இருந்தாப் போதும், அட்மிஷன் போட்டுக்கறோம்னு சொல்றாங்க.”

மேடம் கண்ணாடியை எடுத்துத் திரும்ப மாட்டிக்கொண்டாள். பிறகு குனிந்து கைப்பையை எடுத்துத் திறந்தாள். “நான் வேணா என் சொந்தக் கையிலேர்ந்து ஏதாவது...”

“அவங்க தர்மம் கேக்கல மேடம்.” குரல் எகிறிவிட்டதைக் கேள்விக்காரியே அப்போதுதான் கவனித்தாள். “வேலை செஞ்சேன்னு எழுதுங்கன்னு கேக்கறாங்க.”

“பதட்டப்படாதீங்க. அடுத்த ரவுண்டுல இந்தக் கேள்வியையே சரி பண்ணிடுவோம். நானே எழுதி வெச்சிருக்கேன் பாருங்க.”

“அடுத்த ரவுண்டு எப்போ மேடம்?”

“மூணு வருஷம் கழிச்சு.”

மூன்று வருஷம்! படியிறங்கி வரும்போது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யார் மேல் எரிச்சல் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. மேடம் மேலா, விதி போட்ட முகம் தெரியாதவர்கள் மேலா, கட்டிலில் படுத்துக்கொண்டு பெண்டாட்டிக்குப் பதில் சொன்னவன் மேலா, மிஷினைத் தூக்கிக்கொண்டு போனவன் மேலா? எல்லோர் மேலும்தான். எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் கையைக் கழுவிக்கொண்டார்கள். அந்த வரிசையில் முதலில் கழுவியது யார் என்று யோசித்தபோது மட்டும் அவள் படியில் நின்றுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் திருத்தப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தாள். பெயர், அடையாள எண், நாள் எல்லாவற்றையும் நிரப்பினாள். ‘நான்’ என்று எழுதினாள். அதற்குமேல் பேனா ஓடவில்லை. இந்த வேலை கிடைக்க அவள் ஏறி இறங்காத படி இல்லை. லாரிக்காரனின் வருமானம் இந்த மாதம் வரும், அடுத்த மாதம் வராது. வீட்டில் நிலையாக வருவது இவளுடையதுதான். உள்ளே மாமனாருக்குக் கஞ்சி ஊட்டிவிட்டுக் கிண்ணத்தோடு வந்த நாத்தனார், படிவத்தைப் பார்த்தாள். இரண்டு நாளாகப் பேசாதவள் வாயைத் திறந்தாள்.

“இதுல கையெழுத்துப் போட்டா உன் வேலை போயிடுமா?”

“போயிடும் அண்ணி.”

“போனா எப்படிச் சமாளிப்போம்னு யோசிச்சியா?”

“இல்ல.”

“நல்லா இருக்கு. தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டு அப்புறம் யோசிக்கலாம்னு இருக்கியா?” கிண்ணத்தைக் கழுவப் போட்டுவிட்டு, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து எதிரில் உட்கார்ந்தாள். உள்ளே கிழவர் இருமுகிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டாள். பிறகு படிவத்தின் மேல் ஒரு விரலை வைத்தாள். “அந்தப் பொம்பளையோட வீட்டு நம்பருக்குக் கீழ நம்ம வீட்டு நம்பரையும் போடு. போகற வேலை போகட்டும். போகும்போது என் கணக்கையும் தீத்துட்டுப் போகட்டும்.”

கேள்விக்காரி எழுதினாள். இரண்டு வீட்டோடு நிறுத்தவில்லை. அறுநூற்றுப் பன்னிரண்டு வீட்டு எண்களையும் தனித்தாள்களில் வரிசையாக எழுதி, கையெழுத்துப் போட்டுப் படிவத்தோடு குத்தினாள். இடையில் நாத்தனார் ஒரு தடவை டீ கொண்டுவந்து வைத்தாள். கேள்விக்காரி எழுந்து அந்த டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டு வந்தாள். “ஓஹோ, ஞானோதயமா?” என்றாள் நாத்தனார்.

புதன்கிழமை காலை வளையக்காரியைக் கூட்டிக்கொண்டு முதலில் கிளினிக்குக்குத்தான் போனாள். கட்டைப் பிரித்ததும் டாக்டர் முகம் சுளித்தார். விரல் கறுத்துப் பளபளத்தது. வீக்கம் மணிக்கட்டைத் தாண்டியிருந்தது. சுத்தம் செய்து, புதுப் பஞ்சு வைத்து, வெள்ளைத் துணியால் கட்டிவிட்டு வளையக்காரியைப் பிடித்துத் திட்டினார். “கையை இப்படித் தொங்கப் போடாதீங்கன்னா கேக்கவே மாட்டீங்களா? தோளுக்கு மேல தூக்கியே வெச்சிருங்க. நாளைக்குள்ள அட்மிட் ஆகலேன்னா என்கிட்ட வராதீங்க, நான் பொறுப்பில்ல.” வளையக்காரி கையைத் தூக்கினாள். ஆட்டோவில் வரும் வழியெல்லாம் தூக்கியபடியே வந்தாள். வலிக்கிறதா என்று கேட்டதற்கு, “நீங்க கேள்வி கேக்காம வந்தாலே பாதி வலி போயிடும்” என்றாள். அவள் சிரித்து இவள் பார்த்தது அது இரண்டாவது தடவை.

வெளியீட்டு விழா ஒரு பெரிய ஹோட்டல் அரங்கத்தில். உள்ளே காலெடுத்து வைத்ததும் குளிர் அடித்தது. முன் வரிசைகளில் வெளிநாட்டுக்காரர்கள் பதினேழு பேரும் காதில் கேட்புக் கருவி மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் இரண்டு பெண்கள் பேச்சை உடனுக்குடன் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்கள். மேடத்தை மேடைக்குப் போகும் படியருகில் பிடித்துக் கேள்விக்காரி படிவத்தை நீட்டினாள். மேடம் முதல் தாளைப் படித்தாள். பின்னால் குத்தியிருந்த தாள்களைப் புரட்டினாள்.

“இன்னிக்கா இதைக் கொண்டு வரணும்?”

“நாளைக்குள்ள அட்மிட் ஆகணும் மேடம். ஒரு சீல் மட்டும்.”

“விழா முடியட்டும். அப்புறம் பேசுவோம்” என்று படிவத்தை நாலாக மடித்துத் தன் பேச்சுக் குறிப்புகளுக்கு அடியில் செருகிக்கொண்டு மேலே ஏறிவிட்டாள்.

கேள்விக்காரியும் வளையக்காரியும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். திரையில் அறிக்கையின் அட்டை வந்தது. தலைப்பு, ‘பயன்படாத கைகள்’. கீழே ஒரு பெண்ணின் இரண்டு வெறும் உள்ளங்கைகள், வெளிச்சத்தில் அழகாகப் படம்பிடித்தவை. ஓர் இளைஞர் வந்து புள்ளிவிவரங்களை விளக்கினார். இந்தப் பகுதியில் பெண்களில் ஐம்பத்து நான்கு சதவீதம் பேர் எந்த வேலையிலும் இல்லை. நாளொன்றுக்கு அவர்களுக்குச் சராசரியாக ஏழரை மணி நேரம் உபயோகமில்லாமல் கழிகிறது. அந்த நேரத்தை எப்படி ஆக்கபூர்வமாகச் செலவிடுவது என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க மூன்று வருஷத் திட்டம் ஒன்று தயாராக இருக்கிறது. முன் வரிசையில் கைதட்டினார்கள்.

கற்றுக்கொடுக்கப் போகிறார்களாம்! கேள்விக்காரிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த ஐம்பத்து நான்கு அவளுடைய விரல் அழுத்தி அழுத்தி உண்டானது. ஒவ்வொரு வீட்டிலும் அவள் மிச்சம்பிடித்த பதினாலு நிமிஷம், அங்கிருந்த பெண்ணின் தலையில் ஏழரை மணி நேர ஓய்வாக வந்து இறங்கியிருக்கிறது. பக்கத்தில் வளையக்காரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “யாரும்மா அந்த ஐம்பத்து நாலு பேரு?” என்று மெல்லக் கேட்டாள்.

“நீங்கதான்க்கா. எங்க அண்ணியும்.”

வளையக்காரி திரையின் பக்கம் திரும்பினாள். தூக்கியிருந்த கை களைத்துப்போய் ஒரு பக்கம் சாய, முழங்கையை முன் நாற்காலியின் முதுகில் முட்டுக்கொடுத்து மறுபடி நேராக நிறுத்திக்கொண்டாள்.

பேச்சுகள் முடிந்தன. நன்றியுரைக்கு முன்னால் பத்து நிமிஷம் கேள்வி நேரம். தொகுத்து வழங்கிய பெண் அரங்கத்தைச் சுற்றிப் பார்த்தாள். யாரும் கேட்கவில்லை. நிகழ்ச்சி சப்பென்று முடிந்துவிடுமோ என்ற பயம் அவள் முகத்தில் தெரிந்தது. சட்டென்று மலர்ந்தாள்.

“கடைசி வரிசையில ஒரு அம்மா ரொம்ப நேரமா கை தூக்கிட்டே இருக்காங்க. பாவம், கவனிக்காம விட்டுட்டோம். அவங்களுக்கு மைக் குடுங்க. சாதாரணப் பெண்கள் எழுந்து கேள்வி கேக்கறாங்க பாருங்க, இதுதான் நமக்கு வேணும்!”

முன் வரிசைகள் திரும்பின. பதினேழு பேரும் இருக்கையில் வளைந்து உட்கார்ந்து, ஆர்வத்தோடு புன்னகைத்தார்கள். மேடையில் டைரக்டர் மேடம் பாதி எழுந்தவள் அப்படியே நின்றாள். அவள் கை குறிப்புகளின் மேல் இருந்தது. மைக்கோடு ஓடி வந்த பெண் குனிந்து, “பேரு, என்ன தொழில்னு சொல்லிட்டுக் கேளுங்கம்மா” என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள்.

வளையக்காரி திரும்பிக் கேள்விக்காரியைப் பார்த்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று கேட்கிற பார்வை. கேள்விக்காரியின் நாக்கு நுனியில் ஆயிரம் பதில் வந்து முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு அத்தனையையும் விழுங்கினாள். மைக்கை வாங்கி அவளுடைய வலது கையில் கொடுத்துவிட்டு, அவள் எழுவதற்கு வசதியாகத் தன் காலை ஒதுக்கிக்கொண்டாள்.

அவள் எழுந்தாள். மைக்கை வாயருகே கொண்டுபோகத் தெரியாமல் கன்னத்தில் இடித்துக்கொண்டாள். அரங்கம் முழுக்க அவள் மூச்சு கேட்டது.

“பேரு கெடக்கட்டும். அது உங்க லிஸ்ட்ல இல்ல” என்றாள். “தொழில், வளையம் அடிக்கறது. பன்னெண்டு வருஷமா அடிக்கறேன். கடைசியா அடிச்சது இதுக்குள்ள இருக்கு.”

கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த பெண்களில் ஒருத்தி வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். முன் வரிசையில் பதினேழு பேரும் காதுக்கருவியை விரலால் அழுத்திக்கொண்டு காத்திருந்தார்கள். தூக்கிய கையின் புதுக்கட்டில், விரல் நுனி இருக்கும் இடத்தில், சிவப்பாய் ஒரு பொட்டு ஊறி மெல்ல அகலமாகிக்கொண்டிருந்தது. வளையக்காரி கையை இறக்கவில்லை.